சமயபுரத்துச் சாலையும் மண்ணச்சநல்லூர் வயலும்

இந்தியாவில் காப்பீடு மத்திய அரசின் அதிகாரத்துக்கு உட்பட்டது. அரசியலமைப்பின் ஒன்றியப் பட்டியலில் 47ஆவது இனம். 1938ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டம் நாடு முழுவதற்கும் பொது. 1999இல் இயற்றிய சட்டப்படி அமைந்த ஒழுங்குமுறை ஆணையம் ஐதராபாத்தில் இருந்தபடி எல்லா நிறுவனங்களையும் கண்காணிக்கிறது. அமெரிக்காவிலோ மாநிலத்துக்கு ஒரு காப்பீட்டு ஆணையர். அவர்கள் 1871 முதல் சங்கமாகக் கூடி மாதிரிச் சட்டங்கள் வகுக்கிறார்கள். மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும் சிக்கல் இங்கே இல்லை. ஆனால் இழப்பீடு கைக்கு வந்துசேரும் வழி பெரும்பாலும் மாநில அலுவலகங்களின் ஊடாகவே போகிறது.

திருச்சி அருகே சமயபுரம் மாரியம்மனுக்குப் பாதயாத்திரை வரும் பக்தர் மீது கர்நாடகப் பதிவெண் வேன் மோதியதாக வைத்துக்கொள்வோம். பாலிசி பெங்களூரில் எடுத்தது. முதல் தகவல் அறிக்கையை எழுதுவது தமிழ்நாட்டுக் காவல்துறை. இழப்பீடு கேட்க அந்தக் குடும்பம் பெங்களூருக்கு அலைய வேண்டியதில்லை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 166ஆவது பிரிவு, விபத்து நடந்த இடத்திலோ தாம் வசிக்கும் ஊரிலோ உள்ள தீர்ப்பாயத்தை நாட வழிவிடுகிறது. ஏழைக் குடும்பத்துக்கு இது பெரிய ஆறுதல்.

பக்கத்து மண்ணச்சநல்லூர் வயல்களில் மத்திய, மாநில அரசுகளின் பிணைப்பு இன்னும் நெருக்கம். பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் 2016இல் வந்தது. விதிகள் டெல்லியுடையவை, எந்தப் பயிர், எந்தக் கிராமம், எந்த நிறுவனம் என்று அறிவிப்பது மாநில அரசு. சம்பா நெல்லுக்கு விவசாயி செலுத்துவது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம், மீதிப் பிரீமியத்தை இரு அரசுகளும் ஏற்கின்றன. பதிவு செய்யக் கிராம நிர்வாக அலுவலர் தரும் அடங்கல் என்னும் சாகுபடிச் சான்று வேண்டும். அறுவடைக் காலத்தில் கிராமத்தில் சில வயல்களைத் தேர்ந்து, 5 மீட்டருக்கு 5 மீட்டர் கயிறு கட்டி, அதற்குள் விளைந்ததை அறுத்து, அடித்து, தூற்றி, எடை போடுகிறார்கள். அந்தச் சராசரி உத்தரவாத மகசூலை எட்டாவிட்டால்தான் கிராமத்துக்கு இழப்பீடு. எடைக் கணக்கோ மாநிலத்தின் மானியப் பங்கோ தாமதமானால் பணமும் தாமதமாகும். அடுத்த சாகுபடிக்குக் கடன் தேடி அலைவது விவசாயி. மாற வேண்டியது இந்தத் தாமதம்தான்.

தனிநபர் பாலிசியில் நிறுவனம் இழப்பீட்டுத் தொகையை மறுத்தாலோ ஒரு மாதம் பதில் தராவிட்டாலோ, காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். 50 லட்சம் ரூபாய் வரை அவர் தீர்ப்பளிக்க முடியும். திருச்சிக்காரர்களுக்குச் சென்னை அலுவலகம். புதுச்சேரி நகரமும் காரைக்காலும் அதன்கீழ் வருகின்றன. புதுச்சேரியின் மற்றப் பகுதிகளில் மாஹே கொச்சி அலுவலகத்துக்கும், ஏனாம் ஐதராபாத் அலுவலகத்துக்கும் உரியவை.