உங்களுக்குத் தெரியுமா? ராக்கெட் ஏறிய பாதிரியார்!

அடுத்த ஞாயிறு அம்பத்தூர் ராக்கி தியேட்டருக்குப் போகும் வழியில் பக்கத்தில் வருபவரிடம் கேட்டுப் பாருங்கள்: விண்வெளிக்கே ஒரு பிஷப்பை அனுப்பிய காமெடிப் படம் எது? திருதிருவென்று விழிப்பார்!

படம் ‘ஹெவன்ஸ் அபவ்!’. 1963இல் வந்த பிரிட்டிஷ் படம். பாதிரியாராக பீட்டர் செல்லர்ஸ். நம்ம அம்பத்தூர் தொழிற்பேட்டை பிறந்தது 1964. அதைவிட இது ஒரு வயசு மூத்தது!

கதை தொடங்குவதே ஆள் மாறாட்டத்தில்! ஒரே பெயரில் இரண்டு பாதிரியார்கள். பணக்கார ஊருக்கு வர வேண்டியவர் ஒருவர். வந்து இறங்கியவர் சிறைக் கைதிகளிடையே ஊழியம் பார்த்த இன்னொருவர்!

வந்தவர் சும்மா இருந்தாரா? குப்பை அள்ளும் கறுப்பினத் தொழிலாளியை சர்ச் நிர்வாகி ஆக்கினார். போக்கிடம் இல்லாத ஒரு பெரிய குடும்பத்தைத் தன் வீட்டிலேயே குடிவைத்தார். ஊர்ச் சீமாட்டியின் மனசைக் கரைத்தார். ஜனங்களுக்கு இலவசச் சாப்பாடு! அப்புறம்தான் வேடிக்கை. கடைக்காரர்கள் ஈ ஓட்டினார்கள். சீமாட்டி தன் பங்குகளை விற்கப் போக, ஊருக்கே சோறு போட்ட ஆலை ஆட்டம் கண்டது. அள்ளிக் கொடுத்தவரையே ஊர் அடிக்க வந்தது! சிரித்துக்கொண்டிருக்கும்போதே நெஞ்சில் குத்தும் இடம் இது. செல்லர்ஸின் ‘பிங்க் பாந்தர்’ படங்களைவிட இது ஒரு படி மேல் என்று அடித்துச் சொல்வேன்!

இப்படிப்பட்டவரை சர்ச் என்ன செய்தது? விண்வெளிக்கு பிஷப்பாக நியமித்துவிட்டது! ராக்கெட் ஏறப் பயந்த விண்வெளி வீரருக்குப் பதிலாக அவரே ஏறிவிட்டார்! யூரி ககாரின் போய் வந்து அப்போது 2 வருஷம்தான்!

செல்லர்ஸின் அம்மா யூதர். மகன் படித்தது கத்தோலிக்கப் பள்ளி. நடித்ததோ ஆங்கிலிக்கன் பாதிரியாராக!

அவர் இந்தியராகவும் நடித்திருக்கிறார். 1960இல் சோபியா லாரனுக்கு ஜோடியாக இந்திய டாக்டர்! 1968இல் ‘தி பார்ட்டி’யில் இந்திய நடிகர்!

இந்தப் பாதிரியார் கதைக்கு யோசனை கொடுத்தவர் மால்கம் மகரிட்ஜ். இளம் வயதில், 1920களில், அவர் பாடம் நடத்தியது எங்கே? பக்கத்துக் கேரளத்தில், ஆலுவா யூனியன் கிறிஸ்தவக் கல்லூரியில்! பின்னாளில் பிபிசி படம் எடுத்து அன்னை தெரசாவை உலகத்துக்குக் காட்டியவரும் இவரே!

பாதிரியார் காமெடி வெள்ளைக்காரர்களின் சொத்து என்று நினைத்துவிடாதீர்கள். நம்மிடம் காமெடி எழுதிய பாதிரியாரே இருந்தார்!

அவர்தான் வீரமாமுனிவர். இத்தாலியில் பிறந்த பெஸ்கி. 3,615 பாடல்களில் ‘தேம்பாவணி’ பாடியவர். அதே கை எழுதியதுதான் ‘பரமார்த்த குருவின் கதை’!

குருவுக்குச் சீடர்கள் ஐந்து பேர். மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன். பெயரைக் கேட்டாலே சிரிப்பு வருகிறதல்லவா!

ஆற்றைக் கடக்க வேண்டும். ஆறு தூங்குகிறதா, விழித்திருக்கிறதா? சீடன் ஒருவன் கொள்ளிக்கட்டையைத் தண்ணீரில் வைத்தான். சுர்ர்ரென்று சத்தம், குப்பென்று புகை. ஐயோ, ஆறு விழித்திருக்கிறது என்று அலறி ஓடிவந்தான்! அப்புறம் அதே கட்டையைக் கொண்டுபோய் வைத்தார்கள். அணைந்த கட்டை, சத்தமே இல்லை. ஆறு தூங்கிவிட்டதாம்!

குதிரை முட்டை என்று நம்பி இவர்கள் காசு கொடுத்து வாங்கியது என்ன? பூசணிக்காய்!

அந்த முனிவரைப் பார்க்க வேண்டுமா? அம்பத்தூரில் லோக்கல் ஏறி சென்ட்ரலில் இறங்குங்கள். பஸ் பிடித்தால் மெரினா. 1968 உலகத் தமிழ் மாநாட்டில் வைத்த சிலைகளில் அவரும் ஒருவர்!

பரமார்த்த குரு லண்டனில் தமிழும் ஆங்கிலமுமாக அச்சேறிய வருஷம் 1822. செல்லர்ஸ் பாதிரியார் அங்கி மாட்டுவதற்கு 140 வருஷத்துக்கும் முன்னால்!