ஆக்சிஜன் சிலிண்டர்: அடிக்கடி கழற்றி மாட்டும் இணைப்பைக் கவனியுங்கள்



2021ஆம் ஆண்டு ஜூலை மாதத்தை யாங்கோனில் வாழும் நம்மவர் எவரும் எளிதில் மறக்க முடியாது. கொரோனாவின் மூன்றாவது அலையில் மருத்துவமனைகளில் இடமில்லாமல் போயிற்று. பலர் வீட்டிலேயே படுத்து மூச்சுக்குப் போராடினார்கள். ஆக்சிஜன் நிரப்பும் ஆலைகளின் வாசலில் காலி சிலிண்டர்களோடு மக்கள் மணிக்கணக்காக வரிசையில் நின்றார்கள். அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்புதான் இந்தியாவில் இதே காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்துக் கலங்கியிருந்தோம்.

அப்போது எங்கள் வீட்டில் பெரியம்மாவுக்காக ஒரு 10 லிட்டர் சிலிண்டர் வைத்திருந்தோம். ஒரு நாள் இரவு 10 மணிக்கு, நிரப்பி வந்த சிலிண்டரை மாட்டினோம். மறுநாள் காலை 10 மணி வரை தாங்கும் என்று கணக்குப் போட்டுவிட்டு உறங்கினோம். விடியும் முன்பே முள் பூஜ்யத்தில் நின்றது. பக்கத்து வீட்டாரின் புண்ணியத்தில் ஒரு சிலிண்டர் இரவல் கிடைத்தது, பெரியம்மா தப்பினார். பிறகு சோதித்தபோதுதான் காரணம் தெரிந்தது. ரெகுலேட்டருக்குள் இருந்த சிறு வாஷர் தேய்ந்து, ஓரம் கிழிந்திருந்தது. வரிசையில் நின்று வாங்கி வந்த ஆக்சிஜன் இரவெல்லாம் சத்தமின்றிக் கசிந்து போயிருக்கிறது.

அந்த அலை ஓய்ந்துவிட்டது. ஆனால் நுரையீரல் நோயும் இதய நோயும் உள்ள முதியவர்களுக்காக இன்றும் சில வீடுகளில் சிலிண்டர் இருக்கிறது. மின்சாரத்தில் ஓடும் ஆக்சிஜன் செறிவூட்டிகள் மின்வெட்டு வந்தால் நின்றுவிடும். எனவே அவை இருக்கும் வீட்டிலும் ஒரு சிலிண்டர் துணைக்கு வேண்டியிருக்கிறது. அதைத் திரும்பத் திரும்ப நிரப்புகிறோம், கழற்றுகிறோம், மாட்டுகிறோம். இந்த வேலையில் தேய்வது எது, அதை எப்படிக் காப்பது என்பதைப் பார்ப்போம்.

இணைப்பு ஏன் தேய்கிறது?

ரெகுலேட்டரைச் சிலிண்டரோடு இறுக்கிப் பிடிப்பது மரை. ஆனால் காற்று வெளியே போகாமல் அடைப்பது மரை அல்ல. பெரும்பாலான இணைப்புகளில் உள்ளே இருக்கும் வாஷரோ ரப்பர் வளையமோதான் அந்த வேலையைச் செய்கிறது. ஒவ்வொரு முறை மாட்டும்போதும் வாஷர் நசுங்குகிறது. நாளடைவில் அது கடினமாகி வெடிப்பு விடுகிறது.

மரையும் தப்புவதில்லை. நட்டைக் கோணலாக வைத்து வலுக்கட்டாயமாகத் திருகினால் மரை சிதையும். இந்த இணைப்புகளில் பெரும்பாலும் பித்தளைதான் இருக்கும். பித்தளை எஃகைவிட மென்மையானது. ஒரே ரெகுலேட்டரை இரண்டு சிலிண்டர்களுக்கு மாற்றி மாற்றி மாட்டும் வீடுகளில் அதன் தேய்மானமும் கூடும். சிலிண்டரின் வாயோ வீட்டில் மட்டுமல்ல, நிரப்பும் ஆலையிலும் ஒவ்வொரு முறையும் இணைத்துக் கழற்றப்படுகிறது.

கசிவு எவ்வளவு பறிக்கும்?

ஒரு சிறிய கணக்கு. சிலிண்டரின் கொள்ளளவை (லிட்டரில்) முள் காட்டும் அழுத்தத்தால் (பாரில்) பெருக்கினால், உள்ளே ஏறத்தாழ எத்தனை லிட்டர் ஆக்சிஜன் இருக்கிறது என்று தெரியும். சில ரெகுலேட்டர்களில் அழுத்தம் மெகாபாஸ்கலில் இருக்கும். அதை 10 ஆல் பெருக்கினால் பார் கிடைக்கும். 15 என்று காட்டினால் 150 பார்.

10 லிட்டர் சிலிண்டரில் 150 பார் அழுத்தம் இருந்தால் 1,500 லிட்டர். நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் 750 நிமிடம், அதாவது பன்னிரண்டரை மணி நேரம் வரும். இணைப்பில் நிமிடத்துக்கு ஒரு லிட்டர் கசிந்தால் 500 நிமிடந்தான் தாங்கும். எட்டு மணி இருபது நிமிடம்! இரவு 10 மணிக்கு மாட்டியது காலை 6:20க்குத் தீர்ந்துவிடும். எங்கள் வீட்டில் நடந்ததும் இதைப் போன்றதுதான்.

மாட்டும்போது செய்ய வேண்டியவை

1. கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடைத்துக்கொள்ளுங்கள். தலைக்கு எண்ணெய் தேய்த்த கையோ சமையல் கையோ ஆகாது.

2. சிலிண்டரின் வாயைப் பாருங்கள். மழைக்காலத்தில் அதில் நீர் தங்கியிருக்கும். சுத்தமான, உலர்ந்த, நூல் பிரியாத துணியால் துடையுங்கள்.

3. ரெகுலேட்டரை மாட்டுவதற்கு முன், வாயை ஆட்கள் இல்லாத பக்கம் திருப்பி, வால்வை ஒரு கணம் மெதுவாகத் திறந்து மூடுங்கள். உள்ளே இருக்கும் தூசி வெளியேறிவிடும். அருகில் நெருப்பு இருக்கக் கூடாது. சன்னல் திறந்திருக்க வேண்டும்.

4. வாஷரைப் பாருங்கள். வெடிப்போ, கிழிசலோ, ஆழமான தடமோ இருந்தால் மாற்றிவிடுங்கள். ஆக்சிஜனுக்கென்று விற்கும் சரியான அளவு வாஷரையே போட வேண்டும். இரண்டு வாஷரை ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பதும், பழைய டியூபிலிருந்து வெட்டிப் போடுவதும் ஆபத்து.

5. நட்டை முதலில் விரலாலேயே திருகுங்கள். சில சுற்றுகள் தடையின்றி ஓட வேண்டும். சிக்கினால் கழற்றி மீண்டும் நேராக வையுங்கள். எல்லாச் சிலிண்டர்களின் வாயும் ஒரே அளவல்ல. இரவல் சிலிண்டரில் உங்கள் ரெகுலேட்டர் பொருந்தவில்லை என்றால் வலுவைக் காட்டாதீர்கள். கைப்பிடி உள்ள இணைப்பைக் கையால் இறுக்கினால் போதும். ஸ்பானர் வேண்டிய இணைப்பில் அதற்குரிய ஸ்பானரையே பயன்படுத்தி அளவோடு இறுக்குங்கள். அளவு மீறினால் வாஷர் பிதுங்கிவிடும்.

6. ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் குமிழ் மூடியிருக்கட்டும். சிலிண்டர் வால்வை மிக மெதுவாகத் திறவுங்கள். சட்டென்று திறந்தால் அழுத்தம் பாய்ந்து ரெகுலேட்டருக்குள் சூடு பிறக்கும். அது தீப்பிடிக்கவும் காரணமாகலாம்.

கசிவு இருக்கிறதா?

முதலில் காது கொடுத்துக் கேளுங்கள். 'உஸ்' என்ற ஒலி வந்தால் கசிவுதான். ஒலி இல்லாவிட்டாலும் முள்ளை வைத்துச் சோதிக்கலாம். ஓட்டக் குமிழை மூடி, சிலிண்டர் வால்வைத் திறந்து முள் நிற்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வால்வை மூடிவிட்டுப் பத்து நிமிடம் காத்திருங்கள். முள் இறங்கினால் எங்கோ கசிகிறது. எண்ணெய்ப்பசை இல்லாத சோப்பு நுரையை இணைப்பில் தடவினால் கசியும் இடத்தில் குமிழ் கிளம்பும். பார்த்தபின் துடைத்து உலர்த்திவிடுங்கள். இந்தச் சோதனையை நோயாளிக்கு ஆக்சிஜன் தொடங்குவதற்கு முன்பே செய்துவிட வேண்டும்.

கசிவு தெரிந்ததும் அப்படியே மேலும் இறுக்கக் கூடாது. வால்வை மூடி, ரெகுலேட்டரில் மிஞ்சியதை வெளியேற்றி, முள் பூஜ்யத்துக்கு வந்த பிறகே கழற்றுங்கள். வாஷரைச் சரிசெய்து மீண்டும் மாட்டிச் சோதியுங்கள். வால்விலேயே கசிந்தால் நீங்கள் கைவைக்க வேண்டாம். காற்றோட்டமான இடத்துக்கு மாற்றிவிட்டு, நிரப்பித் தந்தவரிடம் சொல்லுங்கள்.

எண்ணெய் கூடவே கூடாது

மரை சிக்கினால் நம் வீடுகளில் உடனே தேங்காய் எண்ணெயைத் தேடுவோம். கதவுக் கீலுக்கு அது சரி. ஆக்சிஜன் இணைப்பில் தேங்காய் எண்ணெய், கிரீஸ், வாஸ்லைன், தையல் மெஷின் எண்ணெய் எதுவும் படக் கூடாது. அழுத்தமுள்ள ஆக்சிஜனில் எண்ணெய்ப்பசை வேகமாகப் பற்றிக்கொள்ளும். தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றும் வெள்ளை டேப்பையும் இங்கே சுற்றாதீர்கள். கசிவை அடைக்க வேண்டியது வாஷர். டேப்பின் துண்டு பிய்ந்து ரெகுலேட்டருக்குள் போய்விடக்கூடும்.

நிரப்ப அனுப்பும்போது

முள் முழுவதும் பூஜ்யத்துக்கு வரும்வரை காத்திராமல், சிறிது மிஞ்சும்போதே வால்வை மூடி மாற்றிவிடுங்கள். முற்றும் காலியான சிலிண்டரின் வால்வு திறந்து கிடந்தால் ஈரக்காற்று உள்ளே புகும்.

யாங்கோன் நகரின் நடுப்பகுதியில் நம்மில் பலர் மின்தூக்கி இல்லாத மாடிகளில் வசிக்கிறோம். செங்குத்தான அந்தப் படிகளில் ரெகுலேட்டரோடு சிலிண்டரைத் தூக்கிச் செல்லாதீர்கள். ஓர் இடி பட்டால் இணைப்பு வளைந்துவிடும். ரெகுலேட்டரைக் கழற்றிச் சுத்தமான பையில் வையுங்கள். சிலிண்டருக்கு மூடி போடுங்கள். வால்வைப் பிடித்துத் தூக்காதீர்கள். 40 லிட்டர் எஃகுச் சிலிண்டர் சுமார் 50 கிலோ இருக்கும். அதற்கு இரண்டு பேராவது வேண்டும்.

வீட்டில் அதை நிமிர்த்தி வைத்துச் சங்கிலியாலோ பட்டையாலோ கட்டுங்கள். 2025 மார்ச் 28 நிலநடுக்கத்தின் அதிர்வை இங்கும் உணர்ந்தோம் அல்லவா?

நீர்ப்புட்டியும் குழாயும்

ஆக்சிஜனை ஈரமாக்கும் நீர்ப்புட்டியின் மூடியும் அடிக்கடி திறந்து மூடுவதால் தேயும். மூடியைக் கோணலாகத் திருகினால் அங்கேயும் கசியும். அப்போது ரெகுலேட்டர் 2 லிட்டர் காட்டினாலும் நோயாளிக்கு அவ்வளவும் போய்ச் சேராது. புட்டிக்குள் குமிழ் வருகிறதா, மூக்கருகே குழாயின் நுனியில் காற்று வருகிறதா என்று இரண்டையும் பாருங்கள். காய்ச்சி ஆறவைத்த நீரோ வடித்த நீரோ ஊற்றி, நாள்தோறும் மாற்றி, புட்டியையும் கழுவுங்கள். விறைத்துப்போன குழாயை மாற்றிவிடுங்கள்.

விளக்கும் புகையும்

ஆக்சிஜன் தானாக எரியாது. ஆனால் எரிவதை மூர்க்கமாக்கும். கசிந்த ஆக்சிஜன் போர்வையிலும் துணியிலும் தங்கும். எனவே சிலிண்டர் இருக்கும் அறையில் குத்துவிளக்கு, கற்பூரம், ஊதுபத்தி, மெழுகுவர்த்தி, அடுப்பு எதுவும் வேண்டாம். மின்வெட்டு வந்தால் டார்ச் போதும். சிகரெட் மட்டுமல்ல, இளைஞர்கள் கையில் இருக்கும் மின் சிகரெட்டும் அந்த அறைக்குள் வரக் கூடாது. அதற்குள்ளும் சூடேறும் கம்பியும் பேட்டரியும் உண்டு.

ஆக்சிஜன் ஒரு மருந்து. நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ள சிலருக்கு அளவுக்கு மீறினால் அதுவே கேடாகும். நோயாளிக்கு மூச்சு வாங்கினால், ஆக்ஸிமீட்டரில் அளவு இறங்கினால், இணைப்பைப் பார்க்கும் அதே நேரத்தில் மருத்துவரையும் அழையுங்கள்.

இன்றே உங்கள் வீட்டு ரெகுலேட்டரைக் கழற்றி அந்த வாஷரைப் பாருங்கள். அதற்குப் பொருந்தும் புதிய வாஷர் இரண்டு வாங்கி, ஒரு சிறு டப்பாவில் போட்டு, சிலிண்டர் பக்கத்திலேயே வைத்துவிடுங்கள். நள்ளிரவில் எந்தக் கடையும் திறந்திருக்காது.