எந்த ஏழுமலை? ஏஐ ஏஜென்டுக்கு ஒரு தேடல் கருவியை விளக்குவது எப்படி

ஏஐ ஏஜென்ட் என்று இப்போ எல்லாரும் சொல்றது ரொம்ப எளிமையான ஒரு அமைப்புதான். ஒரு மொழி மாடல், அது கூப்பிட்டுப் பயன்படுத்தச் சில கருவிகள். 2023 ஜூனில் ஓப்பன்ஏஐ தன் ஏபிஐ-யில் இந்த வசதியைக் கொடுத்தது. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் வெளியிட்ட எம்.சி.பி. (மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்) இதற்கு ஒரு பொது வடிவம் தந்தது. அதன்படி ஒவ்வொரு கருவியைப் பற்றியும் மாடலுக்கு முக்கியமாக மூன்று விஷயங்கள் போகும்: கருவியின் பெயர், விளக்கம், என்னென்ன உள்ளீடு கொடுக்கலாம் என்ற ஸ்கீமா.

கருவிக்குள் இருக்கும் கோடு மாடலின் கண்ணில் படாது. எப்போ கூப்பிடணும், என்ன கொடுக்கணும், வந்த பதிலை எப்படிப் புரிஞ்சுக்கணும் எல்லாத்துக்கும் அந்த விளக்கம்தான் ஆதாரம். வேலை முடிஞ்ச பிறகு சாவகாசமா எழுதுற டாக்குமென்ட் இல்லை இது. நிரலின் ஒரு பகுதி.

ஒரு உதாரணம் எடுத்துக்குவோம். சேர்வராயன் மலையில், ஏற்காட்டை ஒட்டிய ஊர் செம்மநத்தம். மலையின் முக்கியமான பயிர்கள் காப்பியும் மிளகும். அங்கே மிளகு கொள்முதல் செய்யும் ஒரு குழு, விவசாயிகளின் பட்டியலைக் கணினியில் வச்சிருக்குன்னு கற்பனை பண்ணிக்குவோம். பெயரைக் கொடுத்தால் ஆளைத் தேடித் தரும் கருவி ஒன்று இருக்கு. அதன் விளக்கம்: "பயனர்களைத் தேடும்." அவ்வளவுதான். இப்போ ஒருவர் ஏஜென்டிடம், "செம்மநத்தம் ஏழுமலைக்கு மிளகுப் பணத்தை அனுப்பிடு" என்கிறார். எங்கெல்லாம் தப்பு நடக்கலாம்?

முதலில், குடும்பப் பெயர். பயனர் விவரங்களைப் பரிமாற 2015-இல் வந்த ஸ்கிம் தரத்தில் குடும்பப் பெயர், இயற்பெயர் என்று தனித்தனிப் புலங்கள் உண்டு. மா. ஏழுமலையிடம் குடும்பப் பெயரே கிடையாது. 'மா' அவர் அப்பா பெயரின் முதலெழுத்து. ஒரு படிவத்தில் 'லாஸ்ட் நேம்' கட்டத்தில் 'எம்' என்று இருக்கும், இன்னொன்றில் அப்பாவின் முழுப் பெயர் இருக்கும். அந்தப் பெயரை வச்சுத் தேடினால் அண்ணன், தம்பி, தங்கை எல்லாரும் வந்து நிப்பாங்க.

அடுத்தது எழுத்து. தேடலில் இன்றும் பயன்படும் சவுண்டெக்ஸ் முறைக்கு அமெரிக்காவில் 1918-இல் காப்புரிமை கொடுத்தார்கள். பெயரின் முதல் எழுத்தை அப்படியே வச்சுக்கிட்டு, மற்ற மெய்யெழுத்துகளை ஒலிக்கேற்ப எண்ணாக்கும். கந்தசாமியை ஆங்கிலத்தில் 'டபிள்யூ' போட்டு எழுதினாலும், போடாமல் எழுதினாலும் 532-தான் வரும். நல்லது. ஆனா ஏழுமலையின் ழகரத்தை 'இசட்-எச்' என்று எழுதினால் 254. 'எல்' என்று எழுதினால் 454. ஒரே ஆள், கருவிக்கு ரெண்டு ஆள். தமிழிலேயே தேடினாலும் சிக்கல் தீராது. ஆங்கிலத்தில் இருந்து திருப்பி எழுதும்போது செம்மநத்தம், செம்மனத்தம் ஆகிவிடலாம். ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்தைச் சீராக்க 2020-இல் தமிழ்நாடு அரசு 1,018 பெயர்களுக்கு ஆணை வெளியிட்டு, சில நாட்களிலேயே திரும்பப் பெற்றது ஞாபகம் இருக்கலாம்.

மூன்றாவது, வெறும் பட்டியல். தேடலுக்கு ஒன்றும் வரவில்லை என்றால் மூன்று அர்த்தம் இருக்கலாம்: அப்படி ஒருத்தர் இல்லை, வேறு எழுத்தில் இருக்கார், அல்லது பார்க்க உங்களுக்கு அனுமதி இல்லை. ஊரறிந்த மனுஷன் "வேற மாதிரி எழுதியிருப்பாங்களோ?" என்று யோசிப்பார். விளக்கத்தில் சொல்லவில்லை என்றால் மாடல், "ஏழுமலை பதிவு செய்யவில்லை" என்று முடிச்சிடும். பணம் வரவேண்டியவர் வீட்டில் காத்திருப்பார்.

இதற்கு நேர் எதிர், நாலு ஏழுமலை கிடைப்பது. கருவி பதிவு எண் வரிசையில் பதில் தருகிறது என்று வைங்க. முதலில் இருப்பவர் பொருத்தமானவர் இல்லை, முதலில் சேர்ந்தவர். அது மாடலுக்குத் தெரியாது.

இன்னொன்று, மாடல் ஏற்கெனவே 'தெரிஞ்சு' வச்சிருக்கும் சொற்கள். சேர்வராயன் மலையில் வாழும் பட்டியல் பழங்குடியினரின் பெயர் மலையாளி. பேசுவது தமிழ். சமூகம் என்ற புலத்தில் அந்தச் சொல்லைப் பார்த்ததும் இவர்கள் கேரளத்தவர் என்று எண்ணி, மலையாளத்தில் குறுஞ்செய்தி எழுத ஒரு மாடலுக்கு எல்லாத் தூண்டுதலும் இருக்கு.

இதையெல்லாம் சேர்த்தால் விளக்கம் இப்படி வரும்:

"மிளகு கொள்முதல் பட்டியலில் உள்ள விவசாயியைப் பெயர், ஊர் கொண்டு தேடும். பெயரைத் தமிழ் எழுத்தில் கொடுக்கவும். ந, ன, ண மற்றும் ல, ள, ழ வேறுபாடு பார்க்கப்படாது. குடும்பப் பெயர் இல்லை. இனிஷியல் தனிப் புலம். அதிகபட்சம் 10 பேர் வருவார்கள், பதிவு எண் வரிசையில். மேலும் இருந்தால் 'மீதி உண்டு' என்று வரும். யாரும் வராவிட்டால் அந்த நபர் இல்லை என்று பொருளல்ல. ஊரை நீக்கி ஒருமுறை தேடிவிட்டுக் கேட்டவரிடம் சொல்லவும். ஒருவருக்கு மேல் வந்தால் நீயாகத் தேர்ந்தெடுக்காதே. இனிஷியலையும் ஊரையும் காட்டிக் கேள். சமூகப் புலத்தில் 'மலையாளி' என்பது பழங்குடியின் பெயர், மொழி அல்ல."

நீளமாத்தான் இருக்கு. உரையாடல் முழுக்க இது மாடலின் இடத்தை அடைச்சுக்கிட்டு இருக்கும், அதுக்குச் செலவும் உண்டு. அதனால் ஒவ்வொரு வரிக்கும் ஒரே கேள்விதான் கேட்கிறேன்: இதை எடுத்தால் எந்தத் தப்பு நடக்கும்? பதில் இல்லாத வரி வெளியே போகலாம்.

ஒரு எச்சரிக்கை. விளக்கம் வழிகாட்டும், தடுக்காது. "தொலைபேசி எண்ணைக் காட்டாதே" என்று எழுதி வச்சாலும், சாமர்த்தியமாகக் கேட்பவருக்கு மாடல் காட்டிவிடலாம். அந்த எண் தேவையில்லை என்றால் கருவி அதைத் தரவே கூடாது. பணம் அனுப்பும் கருவியும் பெயரை ஏற்கக் கூடாது, பதிவு எண்ணை மட்டும் ஏற்கணும். அனுப்பும் முன் ஒரு மனிதர் ஒப்புதல் தரணும். 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம்மைப் பொறுப்பாக்குவதும் இங்கேதான். பட்டியலில் இருப்பவர்கள் ஏஜென்டோடு பேசவே இல்லை. நம்மை நம்பி எண்ணைக் கொடுத்தவர்கள்.

எழுதி முடிச்சதும் இந்தத் துறை தெரியாத ஒருவரிடம் விளக்கத்தை மட்டும் கொடுத்து, "செம்மநத்தம் ஏழுமலைக்குப் பணம் அனுப்பணும், என்ன செய்வீங்க?" என்று கேட்டுப் பாருங்க. அவர் திரும்ப உங்களிடம் என்ன கேட்கிறாரோ, அதுதான் விளக்கத்தில் இன்னும் எழுத வேண்டிய வரி.