அறிவிப்பதும் அறமே

துன்புற்ற பெரியவர் தம் குறையை எடுத்துரைக்க நீதிமன்றம் உண்டு. வாதாட வழக்கறிஞர் உண்டு. குழந்தைக்கோ இவை எட்டா. வளர்ப்பவரே அதனைத் துன்புறுத்துவாராயின், அது யாரிடம் சென்று முறையிடும்? அச்சம் அதன் நாவைக் கட்டிவிடும். ஆகவே, அதன் துயரைக் காண்போரே அதற்கு வாயாக அமைதல் வேண்டும்.

அங்ஙனம் முன்வந்தவர்க்கும் ஒரு காலத்தில் வழி எளிதாக இருக்கவில்லை. 1874-ஆம் ஆண்டில், அமெரிக்க நாட்டு நியூயார்க் நகரில் மேரி எல்லன் என்னும் சிறுமி வளர்ப்புத் தாயிடம் அடியுண்டு வாடினாள். இதனை அறிந்த எட்டா வீலர் என்னும் அம்மையார் காவலரையும் அறநிலையங்களையும் நாடினார். தக்க சான்றின்றித் தலையிடல் இயலாது என்பதே அவர் பெற்ற விடை. பூட்டிய கதவுக்குள் நிகழும் கொடுமைக்கு அயலார் எங்ஙனம் சான்று தேடுவர்? இறுதியில் அவர், விலங்குகளைக் கொடுமையினின்று காக்கும் கழகத்தை நிறுவிய ஹென்றி பெர்க் என்பாரை அணுகினார். அவருடைய உதவியால் சிறுமி நீதிமன்றத்திற்குக் கொணரப்பட்டு மீட்கப்பட்டாள். இதன் பயனாகக் குழந்தைகளைக் காக்கும் கழகமும் அந்நகரில் தோன்றியது.

மருத்துவரிடத்தும் தயக்கம் இருந்தது. எலும்பு முறிந்த குழந்தையைக் கொணர்ந்து, கீழே விழுந்ததென்று பெற்றோர் கூறுவர். எக்ஸ்-கதிர்ப் படமோ, வெவ்வேறு காலங்களில் முறிந்து ஆறிய எலும்புகளைக் காட்டும். பெற்றோரே இவ்வாறு செய்வரோ என்றெண்ணிப் பலர் வாளாவிருந்தனர். 1962-இல் கொலராடோ மாநிலத்து மருத்துவர் கெம்பும் அவர்தம் தோழரும் இவ்வுண்மையைக் கட்டுரையாக வெளியிட்டனர். 1967-க்குள் அமெரிக்காவின் 50 மாநிலங்களும் இத்தகைய கொடுமையை அறிவிப்பது பற்றிச் சட்டம் இயற்றின.

நம் நாட்டில், பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம் 2012-இல் நடைமுறைக்கு வந்தது. 18 வயது நிரம்பாதோர் அனைவரையும் அது காக்கிறது. குற்றம் நிகழ்ந்ததென அறிந்தவர் மட்டுமல்லர். நிகழக்கூடுமென ஐயுறுபவரும் காவல்துறைக்கு அறிவித்தல் வேண்டும். நிகழ்ந்த குற்றத்தை அறிவிக்கத் தவறும் பெரியவர்க்கு 6 மாதம் வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். அறிவிப்பை எண்ணிட்டு எழுத்தில் பதிவு செய்து, அறிவித்தவர்க்குப் படித்துக் காட்டுதல் காவலர் கடமை. 24 மணி நேரத்திற்குள் குழந்தை நலக் குழுவுக்கும் சிறப்பு நீதிமன்றத்திற்கும் அவர்கள் செய்தி அனுப்புதல் வேண்டும்.

நம் ஐயம் பொய்யாயின் குற்றமற்றவர் பழி சுமப்பாரன்றோ எனச் சிலர் அஞ்சுவர். அவ்வச்சம் நல்லதே. ஆயின், அறிவிப்பு வேறு, தீர்ப்பு வேறு. ஆராய்ந்து உண்மை காண்பது அதிகாரிகளின் பணி. நல்லெண்ணத்துடன் அறிவித்தவர்மீது வழக்கு வாராது. பிறரை இழிவுபடுத்தவே பொய்யுரைக்கும் பெரியவர்க்கோ தண்டனை உண்டு.

அறிவிக்கும் முறையிலும் கருத்து வேண்டும். கண்டதையும் கேட்டதையும், நாளும் இடமும் குறித்து, கூட்டாமல் குறைக்காமல் கூறுதல் வேண்டும். குழந்தையை மீண்டும் மீண்டும் வினவி வருத்தலாகாது. அதன் பெயரை ஊரறியப் பேசுதல் மற்றுமொரு கொடுமையாகும்.

மாணவர்களே! உங்கள் தோழர் ஒருவர் காரணமின்றி அஞ்சி ஒடுங்கினால், நம்பத்தக்க ஆசிரியரிடமோ பெரியோரிடமோ கூறுங்கள். எவ்வகைக் கொடுமையாயினும், 1098 என்னும் எண்ணைக் கட்டணமின்றி இரவும் பகலும் அழைக்கலாம். உங்களுக்கே துன்பம் நேரினும் தயங்காது கூறுங்கள், குற்றம் உங்களுடையதன்று. பிறர் குடும்பச் செய்தி நமக்கேன் என்று ஒதுங்குவது அடக்கமன்று. ஒரு குழந்தையைத் தனியே கைவிடுவதாகும்.