நூலும் குண்டும் மட்டமும்: மல்லாவியில் வீடு கட்டும் கருவிகள்

வன்னியில், முல்லைத்தீவு மாவட்டத்தின் துணுக்காய்ப் பிரதேசத்தில், மாங்குளத்துக்கு மேற்கே உள்ள மல்லாவியில், ஒரு கல்வீட்டின் வேலை நைலோன் நூலோடுதான் தொடங்குகிறது. காணியைத் துப்புரவாக்கி, மூலைகளில் முளைக்கட்டை அடித்து, மேசன் நூலை இழுத்துக் கட்டுகிறார். மூலை செங்கோணமாக இருக்கிறதா என்று பார்க்க ஓர் அளவுநாடா போதும். ஒரு நூலில் மூன்று அடி, மற்ற நூலில் நான்கு அடி அளந்து குறித்தால், இரண்டு குறிகளுக்கும் இடையில் ஐந்து அடி வரவேண்டும். வராவிட்டால் முளை இடம் மாறும். நீண்ட சுவர்களுக்கு ஆறு, எட்டு, பத்து என்று இரட்டித்து அளப்பார்கள். அளவு பெருகினால் பிழை குறையும். இந்த முதல் மணித்தியாலத்தில் விட்ட பிழை கூரை வரைக்கும் ஏறும். ஓட்டு வரிசை கோணலாகும், தரைக்கு மாபிள் பதிக்கும்போது சுவரோரம் ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் ஒடுக்கமாகவும் துண்டு வெட்ட நேரும். மின்கருவிகள் வன்னியில் வேலையை விரைவாக்கியிருக்கின்றன. ஆனால் சுவர் நேராக நிற்பதும் நிற்காததும் இன்றைக்கும் நூல், தூக்குக்குண்டு, மட்டம் ஆகிய மூன்றின் கையிலேயே இருக்கிறது.

1990களில் போர்க்காலப் பொருளாதாரத் தடையால் வன்னிக்குள் சீமெந்து, பற்றறி, எரிபொருள் ஆகியவை வருவதே அரிதாக இருந்தது. 1995, 1996 ஆம் ஆண்டுகளில் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து மல்லாவியில் தங்கியவர்களுக்குக் கிடைத்தவை காட்டுத்தடியும் களிமண்ணும் கிடுகும். அந்த வீடுகளுக்குக் கத்தி, கோடாலி, மண்வெட்டி, அலவாங்கு போதுமாக இருந்தன. போர் முடிந்து 2009 இன் இறுதியில் துணுக்காய்ப் பக்கம் மீள்குடியேற்றம் தொடங்கியபோது நிலைமை தலைகீழானது. இந்திய அரசு 2010 இல் அறிவித்த 50,000 வீட்டுத் திட்டத்தின் பெரும்பகுதி 2012 ஒக்டோபர் முதல் வடக்கிலும் கிழக்கிலும் நடந்தது. புதிய வீடொன்றுக்கு 550,000 ரூபா கட்டங்கட்டமாகக் கொடுக்கப்பட்டது. வேலையைப் பொறுப்பாக நின்று கட்டுவித்தவர்கள் வீட்டுக்காரர்களே. அதே ஆண்டுகளில் மின்சாரமும் கிராமங்களுக்குள் பரவியது. கைக்கருவியிலிருந்து மின்கருவிக்கு மாற மற்ற ஊர்களில் ஒரு தலைமுறைக்கு மேல் எடுத்த மாற்றம் இங்கே சில ஆண்டுகளுக்குள் வந்து சேர்ந்தது. கணவரை இழந்த பெண்கள் பலரும் மேசனுக்குப் பக்கத்தில் நின்று தூக்குக்குண்டு பார்க்கக் கற்றுக்கொண்டார்கள். வேலையில் ஏமாறாமல் இருக்க அது அவர்களுக்கு ஒரு பலமாக இருந்தது.

தூக்குக்குண்டின் நூலில் ஒரு சிறு கட்டை கோத்திருக்கும். அதன் அகலமும் குண்டின் விட்டமும் ஒன்று. கட்டையைச் சுவரின் மேல்வரியோடு ஒட்டிப் பிடித்துக் குண்டைக் கீழே விட்டால், அது சுவரைத் தொட்டும் தொடாமலும் நிற்கவேண்டும். சுவரில் சாய்ந்து கிடந்தால் கீழ்ப்பகுதி வெளியே தள்ளியிருக்கிறது. விலகி நின்றால் மேல்பகுதி தள்ளியிருக்கிறது. வன்னியில் சோளகம் வீசும் மாதங்களில் குண்டு ஆடிக்கொண்டே இருக்கும். அப்போது குண்டை ஒரு வாளித் தண்ணீருக்குள் இறக்கினால் ஆட்டம் அடங்கும். தூரத்து மட்டத்துக்குத் தெளிந்த பிளாஸ்ரிக் குழாய்க்குள் தண்ணீர் நிரப்பிப் பயன்படுத்துகிறார்கள். குழாய் எத்தனை வளைவு வளைந்தாலும் இரு முனைகளிலும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கும். அறைகளுக்கு நடுவே சுவர் இருந்தாலும் இதற்குத் தடையில்லை. உள்ளே ஒரு காற்றுக்குமிழி தங்கியிருந்தால் மட்டும் கணக்குப் பிசகும். ஆகவே குழாயை உயர்த்தித் தட்டிக் குமிழியை வெளியேற்றிய பின்னரே குறி வைப்பது வழக்கம். குமிழி வைத்த கைமட்டத்தையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. ஒரு தடவை வைத்துப் பார்த்துவிட்டு, முனை மாற்றித் திருப்பி அதே இடத்தில் வைக்கவேண்டும். குமிழி இரு தடவையும் ஒரே இடத்தில் நின்றால்தான் மட்டம் நல்லது.

அளவுநாடாவின் முனையில் உள்ள கொக்கி சற்றுத் தளர்ந்து ஆடும். புதிதாக வேலைக்கு வந்த கையாள் அதைப் பழுது என்று எண்ணி அடித்து இறுக்கிவிடுவதுண்டு. உண்மையில் கொக்கி தன் தடிப்பின் அளவுக்கே நகர்கிறது. பலகையில் கொளுவி இழுக்கும்போதும் சுவரில் முட்டி அளக்கும்போதும் அளவு ஒன்றாக இருப்பது அந்த ஆட்டத்தால்தான்.

ஓடாவியின் கருவிகளை இந்த மண்ணின் மரங்களே தீர்மானித்திருக்கின்றன. முதிரையும் பாலையும் வாளின் பல்லைச் சீக்கிரம் மழுக்கும் கடும் மரங்கள். பனையின் வைரம் வெளிச்சுற்றில் இருக்கிறது, நடுப்பகுதி சோறு. ஆகையால் முற்றிய மரத்தை ஆப்பு வைத்து நெடுக்காகப் பிளந்து, சோற்றைச் செதுக்கி நீக்கித் தீராந்தியும் சிலாகையும் எடுப்பார்கள். இப்படிப்பட்ட மரத்தில் வேலை செய்பவருடைய திறமை பாதி தீட்டுவதில் இருக்கிறது. உளியையும் சீவுளித் தகட்டையும் சாணைக்கல்லில் தண்ணீர் விட்டுத் தேய்ப்பதும், வாளின் ஒவ்வொரு பல்லையும் முக்கோண அரத்தால் ராவுவதும் பழைய ஓடாவிமாருக்குக் காலை வேலையின் முதற்பகுதி. பற்களை ஒன்றுவிட்டு ஒன்று இருபக்கமும் சற்று மடக்கி வைப்பார்கள். அறுப்பு வாளின் தடிப்பைவிட அகலமாக விழுவதால் வாள் மரத்துக்குள் இறுகாது. மின்சீவுளியும் வட்டவாளும் வந்த பிறகு இந்தப் பழக்கம் குறைந்துவருகிறது. இது வருந்தத் தக்கது. நிலையும் கதவும் பொருந்தும் இடத்தில் கடைசி நூலளவைச் சீவி எடுப்பது கைச்சீவுளியே. மழுங்கிய தகடு அங்கே மரத்தைப் பிய்த்துவிடும்.

மின்கருவிகளில் வன்னியின் வேலைத்தளங்களை முழுதாகப் பிடித்துக்கொண்டது கிறைண்டர். ஜேர்மனியில் 1954 இல் உருவான இந்தக் கைக்கருவி இன்று கம்பி வெட்டவும், மாபிள் அறுக்கவும், கேற்றின் ஒட்டை அழுத்தமாக்கவும், சுவரில் வயருக்குக் கோடு பிளக்கவும் பயன்படுகிறது. நான்கு அங்குலத் தட்டு நிமிடத்துக்கு ஏறத்தாழ 11,000 தடவை சுழலும். அப்போது அதன் விளிம்பு மணிக்கு 200 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுகிறது. அந்த வேகத்தில் தட்டு உடைந்தால் துண்டுகள் பறக்கும். உடையாமல் காக்க வேண்டிய விபரம் தட்டிலேயே அச்சிட்டிருக்கிறது: அது தாங்கும் உச்ச வேகமும், நடுவில் உள்ள உலோக வளையத்தில் காலாவதித் திகதியும். மாரியில் ஈரம் ஊறிய தட்டு பலவீனமானது. பெரிய தட்டைப் பொருத்துவதற்காகக் காப்புத் தகட்டைக் கழற்றிவிடுவதும், மரம் அறுக்கும் பல்வைத்த தட்டை இதில் மாட்டுவதும் கை விரல்களையும் கண்களையும் பறித்த பழக்கங்கள். பல் மரத்தில் கொளுவியவுடன் கருவி பிடித்தவரை நோக்கித் துள்ளும். வெயிலுக்குப் போடும் கறுப்புக் கண்ணாடி இதற்குக் காப்பாகாது. பக்கங்களும் மூடிய பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும்.

மின்சாரத்தைப் பயன்படுத்தும் விதத்திலும் மாறவேண்டியவை உண்டு. பிளக் இல்லாமல் இரண்டு வயர் முனைகளைத் துளைக்குள் செருகித் தீக்குச்சியால் இறுக்கும் வேலையை இன்னும் காணலாம். ஈரமண்ணில் வெறுங்காலோடு நிற்பவருக்கு 230 வோல்ற் உயிரைக் கொல்லப் போதும். 30 மில்லியம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் றிப் சுவிச் வழியாகத் தற்காலிக இணைப்பை எடுப்பதே சரியான முறை. கருவியில் சதுரத்துக்குள் சதுரம் வரைந்த அடையாளம் இருந்தால் அது இரட்டைக் காப்புடையது, அதற்குப் புவித்தொடுப்பு தேவையில்லை. ஆனால் நனைந்துவிட்டால் அந்தக் காப்பையும் நம்ப முடியாது.

மற்ற வழக்கங்களை வெயிலும் தண்ணீரும் அமைத்துத் தந்திருக்கின்றன. சுவர் பூசும்போது நிழல் விழும் பக்கத்தைப் பின்தொடர்ந்து போவார்கள். பூசுவதற்கு முன் கல்லை நனைக்காவிட்டால் அது சாந்தின் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும், பூச்சு வெடிக்கும். கொங்கிறீற்றை ஈரச்சாக்கால் மூடி ஏழு நாளாவது நனைத்து வைக்கவேண்டும். கிணறுகள் வற்றும் கோடையில் இதைத்தான் முதலில் கைவிடுகிறார்கள். பல வீடுகளின் மேல்வளைக் கொங்கிறீற்றில் காணும் வெடிப்புகளுக்கு இது ஒரு காரணம். சீமெந்துச் சாந்து கடும் காரம் என்பதால் விரலிடுக்குகள் புண்ணாகும். வேலைக்கு முன் தேங்காயெண்ணெய் பூசுவது சிறு ஆறுதல் தரும். றப்பர் கையுறையே முழுக் காப்பு. பொழுதுபடும்போது சாந்தகப்பை, தாச்சி, சவள் எல்லாவற்றையும் கழுவிவைப்பது கையாளின் கடைசி வேலை. ஒட்டிக் காய்ந்த சாந்து மறுநாள் பூச்சில் கீறலாக விழும்.

அத்திவாரம் வெட்டும்போது போர் நடந்த மண்ணுக்கே உரிய ஓர் எச்சரிக்கையும் உண்டு. மிதிவெடி அகற்றிய காணியிலும் வெடிக்காத எறிகணை அகப்படலாம். அலவாங்கு உலோகத்தில் பட்டால் கைவைத்துத் தோண்டாமல், இடத்தை அடையாளமிட்டு விலகிப் பொலிசுக்கு அறிவிக்கிறார்கள்.

நவராத்திரி முடிவில் ஆயுதபூசைக்குச் சாந்தகப்பை, உளி, வாள் ஆகியவற்றோடு கிறைண்டருக்கும் டிறில்லுக்கும் சந்தனமும் குங்குமமும் வைக்கப்படுகின்றன. அன்று கருவிக்கு ஓய்வு. தொழிலைப் பெரும்பாலும் தகப்பனிடமோ மூத்த மேசனிடமோ கையாளாக நின்றே பழகுகிறார்கள். கிளிநொச்சி அறிவியல்நகரில் 2016 இல் திறக்கப்பட்ட இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகம் போன்ற இடங்கள் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழுக்கு வழிசெய்கின்றன. வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பிக்கும் இளைஞர்கள் அந்தச் சான்றிதழையே தேடுகிறார்கள். ஏற்கெனவே கைத்தொழில் தெரிந்தவர்கள் மீண்டும் வகுப்புக்குப் போகாமல், செய்துகாட்டி மதிப்பீடு பெற்றும் அதை எடுக்கலாம்.