பாண்டிச்சேரி வழியாக அமெரிக்கா

முகையூர், விழுப்புரம், திண்டிவனம் பக்கத்தில் ஒருவர் அமெரிக்காவில் இருக்கிறார் என்றால், கம்ப்யூட்டர் வேலை என்றே எடுத்துக்கொள்வோம். ஆனால் இந்த வட்டாரத்திலிருந்து ஆட்கள் அமெரிக்கக் கண்டத்துக்குப் போகத் தொடங்கி 170 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. முதலில் போனவர்கள் கரும்பு வெட்டப் போன கூலிகள்.

1848-ல் பிரான்ஸ் தன் காலனிகளில் அடிமை முறையை ஒழித்தது. கரீபியன் கடலில் அதன் கையில் இருந்த மார்த்தினிக், குவாதலூப் தீவுகளின் சர்க்கரைத் தோட்டங்களுக்கு ஆள் பஞ்சம் வந்தது. பாண்டிச்சேரியும் காரைக்காலும் அப்போது பிரெஞ்சுக்காரர்களுடையவை. பாண்டிச்சேரியைச் சுற்றி இருந்ததோ பிரிட்டிஷார் ஆண்ட நம் தென்னாற்காடு. நிலமில்லாத குடும்பங்களுக்கு இங்கே குறைவில்லை. மேஸ்திரிகள் ஊர் ஊராக வந்து ஆள் சேர்த்தார்கள். ஐந்து வருஷ ஒப்பந்தம், கூலி, சோறு, முடிந்ததும் இலவசமாகத் திரும்பி வரக் கப்பல் என்பது பேச்சு. 1853 மே மாதம் முதல் கப்பல் மார்த்தினிக் சேர்ந்தது; 1854 டிசம்பரில் குவாதலூப். ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிக்கொண்டு போக வேண்டிய பாதை, மாதக்கணக்கில் கடல்தான். 1876-78 தாது வருஷப் பஞ்சம் இன்னும் பலரைக் கப்பலேற்றியது. வடஇந்தியாவிலிருந்து போனவர்களையும் சேர்த்து மார்த்தினிக்குக்குச் சுமார் 25,000 பேர், குவாதலூப்புக்குச் சுமார் 42,000 பேர் போனார்கள். அவர்களில் பெரும்பாலோர் திரும்பி வரவில்லை.

அங்கே அனுமதிச் சீட்டு இல்லாமல் தோட்டத்தை விட்டு வெளியே போனால் நாடோடி என்று பிடித்து அடைப்பார்கள். கடைசியில் பிரிட்டிஷ் அரசே, நம் குடிகளை இப்படி நடத்தக் கூடாது என்று 1888-ல் குவாதலூப்புக்கு ஆள் அனுப்புவதை நிறுத்திவிட்டது. பிரிட்டிஷார் தங்கள் தோட்டங்களில் நடத்திய விதமும் பெரிதாக வேறல்ல என்பது தனிக்கதை.

இரண்டு மூன்று தலைமுறைக்குள் வீட்டில் தமிழ்ப் பேச்சு போய்விட்டது, கிரியோல் வந்தது. மாரியம்மன் மட்டும் போகவில்லை. ‘மாலியெமேன்’ என்ற பெயரில் அவளுக்கு இன்றும் கடா வெட்டுகிறார்கள். அதே வழிபாட்டில் நாகூர் ஆண்டவருக்கும் இடம் உண்டு. பூசாரி சொல்லும் தமிழ் வரிகளின் பொருள் பெரும்பாலும் அவருக்கே தெரியாது. அடுப்படியில் நடந்தது இன்னும் பெரிது. மல்லி, மஞ்சள், கடுகு அரைத்த பொடி போட்டுக் கோழியையோ ஆட்டையோ வேகவைக்கும் ‘கொலம்போ’, நம் குழம்பின் வாரிசு. அந்தத் தீவுகளில் ஆப்பிரிக்க வம்சத்தவர், வெள்ளையர் என்று எல்லார் வீட்டிலும் அது இன்று சொந்தச் சமையல்.

வேலைக்கு ஆளைக் கூப்பிடுவது ஒன்று, அந்த ஆளைக் குடிமகன் என்று ஒப்புக்கொள்வது வேறொன்று. இரண்டுக்கும் இடையில் தலைமுறைகள் கழிந்துவிடும். அமெரிக்கக் கண்டம் முழுக்கக் குடியேற்ற வரலாற்றைப் படிக்க எனக்கு உதவும் சாவி இதுதான். குவாதலூப்பில் பிறந்த ஹென்றி சிதம்பரம், இந்தியர் பிள்ளைகளை வாக்காளர் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று 1904-ல் வழக்காடத் தொடங்கினார். பிரான்ஸ் இறங்கி வந்தது 1923-ல். அதே 1923-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், முதல் உலகப்போரில் அந்நாட்டு ராணுவத்தில் இருந்த பகத்சிங் திந்த் என்ற பஞ்சாபியரிடம், சாதாரண மனிதன் கண்ணுக்கு நீ வெள்ளையன் இல்லை, ஆகவே குடியுரிமை இல்லை என்று தீர்ப்புச் சொன்னது. ஏற்கெனவே குடியுரிமை வாங்கியிருந்த இந்தியர்கள் பலரிடமிருந்தும் அதைப் பறித்தார்கள்.

வெளிநாட்டார் குடியுரிமை பெற ‘சுதந்திரமான வெள்ளையராக’ இருக்க வேண்டும் என்பது 1790-லேயே அங்கே போட்ட சட்டம். பஞ்சத்துக்குத் தப்பி வந்த ஐரிஷ்காரர்கள், பின்னால் இத்தாலியர், யூதர் எல்லாரும் ஏளனத்துக்கு ஆளானார்கள். ஆனாலும் சட்டம் அவர்களை உள்ளே விட்டது. ரயில் பாதை போட்ட சீனர்களுக்கு 1882-ல் கதவை மூடினார்கள், இந்தியா உள்ளிட்ட ஆசியப் பகுதிக்கு 1917-ல். 1946-ல் இந்தியாவுக்கு ஆண்டுக்கு 100 பேர் என்று ஒரு கோட்டா தந்தார்கள். நூறே பேர்!

கதவு நிஜமாகத் திறந்தது 1965 குடியேற்றச் சட்டத்தில். பிறந்த நாட்டை வைத்து ஆள் எடுத்த பழைய கோட்டா ஒழிந்தது. படிப்பும் குடும்ப உறவும் முன்னுக்கு வந்தன. கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம் உண்டாக்கிய சூழலில்தான் அது நிறைவேறியது என்பதை நம்மவர்கள் அதிகம் பேசுவதில்லை. டாக்டர்களும் இன்ஜினியர்களும் போனார்கள், கோயில் கட்டினார்கள், வார இறுதித் தமிழ்ப் பள்ளி நடத்துகிறார்கள். இன்று அங்கே இந்திய வம்சாவளியினர் 50 லட்சத்துக்கு மேல்.

தற்காலிக வேலைக்கான எச்1பி விசாவோ 1990 சட்டம் தந்தது. அதில் போகிறவர் வேலை செய்யலாம், வரி கட்டலாம். ஓட்டுப் போட முடியாது. வேலை வழி கிரீன் கார்டில் எந்த ஒரு நாட்டுக்கும் ஆண்டுக்கு 7 சதவீதத்துக்கு மேல் பொதுவாகக் கிடையாது என்பதால் இந்தியர் வரிசை பல வருஷம் நீள்கிறது. இங்கிருந்து கைக்குழந்தையாகக் கூட்டிப்போன பிள்ளைக்கு 21 வயது ஆகிவிட்டால், அப்பா அம்மாவின் விசாவில் அது இருக்க முடியாது. படிப்பு விசாவோ வேறு விசாவோ சொந்தமாகத் தேட வேண்டும், இல்லையென்றால் கிளம்ப வேண்டும்.