கட்டம் சரியில்லையா பாஸ்?

வத்தலக்குண்டைத் தாண்டி மலை ஏற ஆரம்பித்தால் முதலில் காது அடைக்கும். அப்புறம் குளிரும். பெருமாள்மலை தாண்டி வெள்ளி நீர்வீழ்ச்சி பக்கம் டோல்கேட் வரும். ''பாஸைக் காட்டுங்க!''

கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் வெளியூர் வண்டிகள் இ-பாஸ் இல்லாமல் ஏறக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்ல, 2024 மே 7-ல் அது அமலுக்கு வந்தது. வண்டி நம்பர், எத்தனை பேர், எத்தனை நாள் என்று ஆன்லைனில் தட்டிவிட்டால் க்யூஆர் கோடோடு ஒரு பாஸ் வரும். ஆரம்பத்தில் எத்தனை பேர் கேட்டாலும் பாஸ் கிடைத்தது. 2025 சீசனில் கோர்ட் கொஞ்சம் கடுப்பானது. ஏப்ரல் 1 முதல் ஜூன் வரை கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000 வண்டி, சனி, ஞாயிறில் 6,000 வண்டி... அவ்வளவுதான் என்று லிமிட் போட்டது.

இங்கேதான் மேட்டரே இருக்கிறது. லிமிட் என்றால் எண்ண வேண்டும். எண்ண வேண்டுமென்றால் அந்தக் கறுப்பு வெள்ளைக் கட்டத்தை மெஷின் படிக்க வேண்டும். படிக்காமல் மக்கர் பண்ணி, ஒவ்வொரு வண்டிக்கும் 30 விநாடி கூடுதலாக இழுத்தால் என்ன ஆகும்? 4,000 வண்டிக்கு மொத்தம் 33 மணி நேரம்! ஒரு நாளைக்கு 24 மணி நேரம்தானே பாஸ்? 'சரி சரி, போங்க' என்று கையைக் காட்டி அனுப்பினால் கூட்டம் கலையும்... கூடவே கணக்கும் கலையும்.

சரி, படம் ஏன் படிக்க முடியாமல் போகிறது? பழியை எல்லோரும் மூடுபனி மேல்தான் போடுவார்கள். ஆனால் ஸ்கேனருக்கும் உங்கள் செல்போனுக்கும் நடுவே இருப்பது ஒரு அடி தூரம். அதற்குள் பனி பெரிசாக எதையும் மறைக்காது. தூரத்தில் கம்பத்து மேல் இருக்கிற கேமரா நம்பர் பிளேட்டைப் படிக்கும்போதுதான் அது வில்லன். நம்ம கேஸில் வில்லன் ஈரம். ஸ்க்ரீனில் விழுந்த ஒவ்வொரு தூறல் துளியும் ஒரு குட்டி லென்ஸ். கீழே இருக்கிற கட்டங்களை அது வளைத்து, உப்ப வைத்துக் காட்டும். அதோடு கீறல் விழுந்த டெம்பர்டு கிளாஸ், பின்னாடி வண்டியின் ஹெட்லைட் வெளிச்சம், நாலாக மடித்துப் பாக்கெட்டில் வைத்த ஜெராக்ஸ். எல்லாத்துக்கும் மேலே, ஒருத்தர் பாஸ் எடுத்து ஸ்க்ரீன்ஷாட் அடித்து, வாட்ஸ்அப்பில் சித்தப்பாவுக்கு அனுப்பி, அவர் டிரைவருக்கு அனுப்பி... சுருங்கிச் சுருங்கி வந்து சேர்ந்த ஒரு கோட்!

இதையெல்லாம் கொஞ்சம் யோசித்துத்தான் க்யூஆர் கோடைப் படைத்தார்கள். 1994-ல் ஜப்பானின் டென்சோ வேவ் கம்பெனியில் மசாஹிரோ ஹாரா டீம் உருவாக்கியது இது. மூன்று மூலையில் பெரிய சதுரம் இருக்கிறதே, அதன் நடுவே எந்தப் பக்கமாகக் கோடு போட்டாலும் கறுப்பு, வெள்ளை, கறுப்பு, வெள்ளை, கறுப்பு என்று 1:1:3:1:1 விகிதத்தில் வரும். பத்திரிகை, நோட்டீஸ், அட்டைப்பெட்டி என்று அச்சடித்த சமாசாரங்களை அலசி, அதிகமாகக் கண்ணில் படாத விகிதம் இதுதான் என்று பிடித்தார்கள். ஸ்கேனர் முதலில் தேடுவது இந்த மூலைகளைத்தான்.

அடுத்த மந்திரம், ரீட்-சாலமன் கணக்கு. 1960-ல் இர்விங் ரீட், கஸ்டாவ் சாலமன் என்று இரண்டு பேர் கண்டுபிடித்தது. தகவலோடு கொஞ்சம் எக்ஸ்ட்ரா எண்களையும் கணக்குப் போட்டுச் சேர்த்துவிடுவார்கள். கோடில் ஒரு பகுதி அழிந்தாலும் மீதியை வைத்து மீட்டுவிடலாம். நான்கு லெவல் உண்டு: 7, 15, 25, 30 சதவிகிதம் வரை சேதம் தாங்கும். செமஸ்டரில் கோடிங் தியரி பேப்பரைப் பார்த்து 'இது எதுக்குடா வாழ்க்கையில?' என்று கேட்டவர்கள் கவனிக்க!

அப்படியிருந்தும் ஏன் திணறுகிறது? பழைய ஸ்டைல் சாஃப்ட்வேர் ஒரு முடிவோடுதான் படத்தைப் பார்க்கும். இந்த அளவுக்குக் கீழே கறுப்பு, மேலே வெள்ளை. மலைச் சாயங்காலத்தின் சாம்பல் வெளிச்சத்தில் எது கறுப்பு, எது வெள்ளை? ஒரு மூலைச் சதுரத்தின் மேல் ஹெட்லைட் பளிச்சென்று அடித்தால் 1:1:3:1:1 காலி. மூலை கிடைக்கவில்லை என்றால் ரீட்-சாலமன் வேலையைத் தொடங்கவே முடியாது. டாக்டர் ரெடி, பேஷன்ட்டைத்தான் காணோம்!

மெஷின் லேர்னிங் உள்ளே வருவது இந்த இடத்தில். விதியைச் சொல்லித் தராமல் ஆயிரக்கணக்கான படங்களைக் காட்டிப் பழக்குவது. கோணலான கோட், நனைந்த கோட், பாதி கை மறைத்த கோட்... பார்த்துப் பார்த்து, மூலை தெரியாவிட்டாலும் 'இங்கே ஒரு கோட் இருக்கு' என்று பிடித்துவிடும். சீனாவின் வீசாட் டீம் இதைச் செய்து, 2021-ல் ஓப்பன்சிவியில் எல்லோருக்கும் இலவசமாகவே கொடுத்தது. அதில் இரண்டு குட்டி நெட்வொர்க். ஒன்று கோட் எங்கே என்று தேடும். இன்னொன்று, சின்னதாக மங்கலாக இருந்தால் பெரிசாக்கித் தெளிவுபடுத்தும். இரண்டும் சேர்ந்து சுமார் 1 எம்பிதான். ஒரு எம்பி3 பாட்டை விடச் சின்னது! மலையில் சிக்னல் கண்ணாமூச்சி ஆடினாலும் செல்போனுக்குள்ளேயே ஓடும்.

எனக்குப் பிடித்த விஷயம் வேறு. படத்தைத் தெளிவாக்கும் நெட்வொர்க்குக்குக் கொஞ்சம் வாய் ஜாஸ்தி. தெரியாத இடத்தை 'அடிச்சு விடும்'. வைவாவில் நாம் செய்வதுதான்! முகத்தை அடையாளம் காண்பதில் இது பெரிய ஆபத்து. ஏனென்றால் தப்பா, சரியா என்று அந்தப் படம் சொல்லாது. க்யூஆர் கோட் சொல்லும். நெட்வொர்க் அளவுக்கு மீறி அடித்து விட்டால் ரீட்-சாலமன் கணக்கு பெரும்பாலும் உதைத்துவிடும். 'படிக்க முடியலை' என்றுதான் பதில் வருமே தவிர, வேறு ஒருத்தர் வண்டி நம்பர் வருவது ரொம்ப ரொம்ப அபூர்வம். கண்டுபிடிக்க மெஷின், தீர்ப்பு சொல்லக் கணக்கு. இந்த வரிசையை மாற்றினால் வம்பு.

கோடு கோடாக இருக்கும் பழைய பார்கோடில் இந்தப் பாதுகாப்பு கம்மி. 1974 ஜூன் 26-ல் அமெரிக்காவின் ஒஹையோவில் ஒரு சூயிங்கம் பாக்கெட்டை ஸ்கேன் பண்ணித் தொடங்கிய பரம்பரை அது. நம் ஊர்ப் பொருட்களில் 890 என்று ஆரம்பிக்கும் 13 இலக்கம். அதில் கடைசி ஒற்றை இலக்கம் மட்டும்தான் காவல்காரர். கன்னாபின்னா என்று யூகித்தால் பத்தில் ஒன்று அவரை ஏமாற்றி உள்ளே போய்விடும். உருண்டை டப்பாவில் வளைந்து, பஞ்சாமிர்தப் பிசுக்கு ஒட்டிய பார்கோடை நெட்வொர்க் யூகித்துச் சொன்னால், பில்லில் ஜவ்வாது விழ வாய்ப்பு உண்டு. ஆனால் அந்தக் கோடுகளுக்கு உயரம் இருக்கிறது. மேலே பிசுக்கு என்றால் கீழே படிக்கலாம். யூகிப்பதை விட அது உத்தமம்.

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடி அலைகிறவர்களுக்கு இது லட்டு. மற்ற மெஷின் லேர்னிங் ப்ராஜெக்ட்டில் படத்துக்குப் படம் லேபிள் ஒட்டியே கை ஓய்ந்துவிடும். இங்கே கோடை நீங்களே உருவாக்குவதால் விடை முன்கூட்டியே தெரியும். பைத்தானில் ஆயிரம் கோட் போடுங்கள். சாய்த்து, கலக்கி, இரைச்சல் சேர்த்து, துளி விழுந்த மாதிரி வளைத்துப் பழக்குங்கள். பரீட்சையை மட்டும் நிஜப் படத்தில் வையுங்கள். ஸ்க்ரீனில் தண்ணீர் தெளித்து, சாயங்காலம் ஆறு மணிக்கு மொட்டை மாடியில் எடுத்த போட்டோக்களே போதும். ஒரே பாஸை முப்பது க்ளிக் எடுத்து, பாதியைப் பழக்கவும் பாதியை டெஸ்ட்டுக்கும் போட்டு '99 சதவிகிதம் சார்!' என்று நிற்காதீர்கள். கொஸ்டின் பேப்பர் லீக் ஆன கேஸ் அது. எக்ஸ்டெர்னல் கண்டுபிடித்துவிடுவார்.

இன்னொன்று. டோல்கேட்டில் நின்று அடுத்தவர் பாஸைப் படம் பிடிக்கும் ஐடியா வேண்டவே வேண்டாம். அதில் அவர் வண்டி நம்பரும் பயண விவரமும் இருக்கிறது. உங்கள் சொந்தக் கோடில் 'இட்லி, வடை, சட்னி' என்று எழுதி வைத்தாலும் மெஷின் அதே சிரத்தையோடுதான் படிக்கும்.